பங்குக் கிணறும் பங்காளிப் பகையும்: யாழ்ப்பாணத்துக் கூட்டுரிமை வழக்காறு பற்றிய ஓர் ஆய்வு

மனித சுபாவத்தைத் திருத்துவது பற்றி நம் அறநூல்கள் விரிவாகப் பேசியிருக்கின்றன. திருந்துவதற்குச் சிறிதும் மனமில்லாத ஒருவரோடு ஒரே கிணற்றில் நீர் இறைத்து, ஒரே வாய்க்காலால் தோட்டத்துக்குப் பாய்ச்சி, ஒரே ஒழுங்கையால் வீட்டுக்குப் போய்வந்து ஆயுட்காலம் முழுவதையும் கழிக்கவேண்டிய நிலையில் உள்ளவன் செய்யத்தக்கது யாது என்ற வினாவுக்கோ, விடை பெரும்பாலும் ஊர் வழக்காறுகளிலேயே தங்கிக் கிடக்கிறது. திருவள்ளுவர் உட்பகையை இல்லறவியலில் வைக்காது பொருட்பாலில் 89ஆம் அதிகாரமாக வைத்தமையைக் கருதுமிடத்து, அருகிருந்து தொல்லை தருவோரைச் சமாளிப்பது ஆட்சிமுறையைச் சார்ந்த ஒரு விவகாரமே என்று கொள்ள இடமுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கூட்டுரிமை வழக்காறும் அந்தத் திசையிலேயே சென்றது என்பதும், மூர்க்கனைச் சாந்தனாக்க முயலாமல் அவன் மூர்க்கத்தனம் புகக்கூடிய வாயில்களை முறை, எல்லை, அறிவித்தல் என்னும் மூன்றினால் அது அடைத்தது என்பதும், அந்த அடைப்பு உறுதியாய் நின்றது பங்காளிகளுக்கு ஒருவரையொருவர் விட்டால் வேறு கதியில்லாதிருந்த காலம் வரையில்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மாரி சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படலமாய்த் தங்குகிறது. கோப்பாய், உரும்பிராய், இணுவில், புன்னாலைக்கட்டுவன் முதலிய ஊர்களின் செம்மண் தோட்டங்கள் அந்தப் படலத்தைக் கிணற்றால் எடுத்தே வாழ்ந்து வந்திருக்கின்றன. பாறையை உடைத்துக் கிணறு வெட்டுவது ஒரு குடும்பத்தின் சக்திக்கு மேற்பட்ட பிரயாசை ஆகையால் பலர் கூடி வெட்டினர். வெட்டியவர்களின் பங்கு முதுசமாகவும் சீதனமாகவும் பிள்ளைகளுக்கு இறங்க, இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு கிணற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் பாத்தியதை உடையோராயினர். இங்கே காணியை எழுதும் உறுதிகளில், நிலத்தின் பரப்பைச் சொல்லி முடித்தபின், கிணற்றில் பங்கையும் வழிவாய்க்கால் உரிமையையும் தனியே சொல்லும் மரபு இன்றும் உண்டு. நிலத்தைத் துண்டாக்கலாம், கிணற்றைத் துண்டாக்க முடியாது. ஆகவே அண்ணன் தம்பி பிரிந்த பிறகும், மைத்துனன்மார் முகம் பார்ப்பதை நிறுத்திய பிறகும், கிணற்றடி மட்டும் பொதுவாகவே எஞ்சுகிறது.

இத்தகைய சமூகத்தின் சட்டம் தேசவழமை. ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706 - 1707இல் அதைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்கு முழு வலுவும் கொடுத்தனர். அதன் விதிகளுள் நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது முன்கொள்வனவு உரிமை: தன் காணியை விற்க விரும்புபவன் தன் உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும், அக்காணியை ஈடாகப் பெறக்கூடிய அயற்காணிக்காரருக்கும் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும், அவர்கள் வாங்க முன்வராவிடிலே பிறனுக்கு விற்கலாம். அந்நியனொருவன் வந்து குடியேறி, உள்ளவர் எல்லோருடைய அமைதியையும் கெடுத்துவிடலாகாது என்ற அச்சமே இவ்விதியின் உயிர் என்று நான் நினைக்கிறேன். நாளடைவில் இந்த வட்டம் சுருங்கியது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அயற்காணிக்காரரை விடுத்து, பங்காளிகளுக்கும் உரித்தாளராக வரக்கூடியோருக்கும் மட்டுமே அவ்வுரிமையை நிறுத்தியது.

ஆனால் வெளியிலிருந்து வரும் வில்லங்கத்தைத் தடுக்கும் விதி, உள்ளேயே பிறந்து வளர்ந்த வில்லங்கக்காரனை என்ன செய்யும்? இங்கேதான் ஏட்டில் எழுதப்படாத இறைப்பு முறை வருகிறது. துலாக் காலத்து இறைப்பைச் சிறிது அருகே நின்று பார்த்தால் அதன் சூட்சுமம் விளங்கும். ஆடுகாலில் பொருத்திய நீண்ட துலாவின் மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பர். கிணற்று வாயில் நிற்பவர் பட்டையைக் கோலி நிறைத்து மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். தோட்டத்துள் மண்வெட்டியோடு நிற்பவர் ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயைக் கட்டி அடுத்ததைத் திறப்பார். மூவரும் இல்லாமல் தண்ணீர் இல்லை. கூலிக்கு ஆள் கிடைக்காத விடியற்காலையில் இன்று நான் உனக்குத் துலா மிதித்தால் நாளை நீ எனக்கு மிதிக்கவேண்டும். நேற்று நாம் கொழுவிக்கொண்டது உண்மையேயாயினும் வெங்காயம் அதை அறியாது. பங்குக்கு ஏற்ப நாளும் பொழுதும் வகுக்கப்பட்டிருந்தமையால் எவன் எப்போது இறைப்பது என்பதில் வாதத்துக்கு இடம் குறைவு. முறையைத் தப்பவிட்டவன் அடுத்த சுற்று வரை காத்திருக்கவேண்டும். கதை பேச்சில்லாத பங்காளிகள்கூடத் தம் இறைப்பு முடிந்ததைச் சிறு பிள்ளையொன்றை அனுப்பி, "மாமாவிட்டைப் போய் அவற்றை முறை வந்திட்டுது எண்டு சொல்லு" என்று அறிவித்துவிடுவார்கள். பகை தொடர்ந்தது, தண்ணீரும் தொடர்ந்தது. மனத்தால் கூடாதவர் தொழிலால் கூடியிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த நிரூபணத்தை நான் அறியேன். வடமராட்சிக் கரையோரத்துக் கரைவலையும் இவ்வினத்ததே: வலையின் இரு தலைப்பையும் பலர் கூடி இழுத்தாலன்றி மடி கரைக்கு வராதாகையால், பக்கத்தில் நின்று இழுப்பவனோடு பேசாதிருக்கலாம், இழுக்காதிருக்க முடியாது.

வேலியிலும் இதே நியாயம் உண்டு. பூவரசும் கிளுவையும் கதியாலாக நாட்டி, பனையோலையாலோ கிடுகாலோ அறுக்கையாக அடைக்கும் வேலி, ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படவேண்டியது. புதுப்பிக்குந்தோறும் கதியாலைச் சாண் அளவு தள்ளி நாட்டும் சபலம் சிலருக்குத் தோன்றுவதும், அதிலிருந்து கோடேறும் வழக்குகள் பிறப்பதும் யாவரும் அறிந்தவை. எனினும் அதே வேலியில் அயலவர் போய்வர ஒரு பொட்டு விடப்பட்டிருந்தது. பொட்டை அடைப்பது பகையின் பிரகடனம். செத்தவீட்டன்று அதைத் திறந்துவிடுவது அப்பகையின் தளர்ச்சி. நன்மை தின்மைக்குப் போவது என்னும் சம்பிரதாயம் ஆண்டுக்கணக்கான மௌனத்தை முறிப்பதற்கு ஒரு மரியாதையான சந்தர்ப்பத்தை இரு பக்கத்தாருக்கும் கொடுத்து வந்தது. முதலில் இறங்கி வந்தவன் யார் என்ற கேள்வி அப்போது எழாது.

இவ்வளவையும் சொல்லி வழக்காற்றைப் போற்றி நிறுத்திவிடுவது நேர்மையாகாது. பங்குள்ளவர்களுக்குள் நீதியாய் நடந்த அதே கிணறு, பங்கில்லாதவர்களுக்கு அநீதியின் அடையாளமாய் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் கிணற்றுக்கட்டில் கை வைக்கவும் ஒண்ணாது ஒதுங்கி நின்று, பிறர் அள்ளி ஊற்றும் தண்ணீருக்குக் காத்திருந்த காலம் மிகப் பழையதன்று. தேசவழமைத் தொகுப்பிலேயே அடிமைகள் பற்றிய பகுதி ஒன்று உள்ளது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பிறகும் நிலைமை தானாக மாறாமையால், 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் போராட்டம் நடந்தது. அந்நாளில் 'குழப்படிக்காரர்' என்று ஊர்ப் பெரியவர்களால் பழிக்கப்பட்டவர்கள் தேநீர்க் கடையிலும் கோயிலிலும் கிணற்றடியிலும் மனிதராய் நிற்கக் கேட்டவர்களே. ஆகவே ஒருவனைத் தொல்லைக்காரன் என்று தீர்ப்பதற்கு முன், அவன் மீறியது நியாயமான முறையையா, அன்றி அவனைச் சேர்க்காமலே வகுக்கப்பட்ட முறையையா என்று விசாரிப்பது ஆராய்ச்சியாளனுக்கும் மத்தியஸ்தனுக்கும் இன்றியமையாதது. இவ்விசாரணையைத் தவிர்க்கும் சமரசம் எதுவும் பலவான் பக்கமே சாயும்.

துலாவின் ஆட்சியை முடித்தது மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெஷின். 1950களிலிருந்து அது பரவி வந்தது. 1970இல் பதவியேற்ற அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தோட்டப் பயிரின் விலை ஏற, தண்ணீரின் பெறுமதியும் உடன் ஏறிற்று. மூவரால் ஒரு காலை முழுவதும் முடிந்த வேலையை ஒருவன் தனியே விரைவில் முடிக்கக் கற்றான். இது பெரிய உபகாரம். துலா மிதித்துத் தேய்ந்த கால்களை அறிந்தவர் எவரும் அதைக் குறைத்துப் பேசார். ஆயினும் பங்காளியின் உதவி வேண்டாதவனுக்குப் பங்காளியின் முகதாட்சணியமும் வேண்டாமற் போயிற்று. முறை பெயரளவில் நின்றது. அதைக் காத்துவந்த பரஸ்பரத் தேவை மறைந்தது. அளவுக்கு மீறி ஒருவன் இறைத்தால் முன்பு அவன் ஆட்கள் களைப்பார்கள். இப்போது கிணறு களைத்தது, கரையோர ஊர்களில் உவரும் ஏறியது. சுண்ணாம்புப் பாறையின் அடியில் எல்லைக் கதியால் இல்லை ஆகையால் ஒருவனுடைய பேராசை அடுத்த வளவின் கிணற்றையும் உவராக்கியது. நிலத்தடி நீரின் கேடு பற்றி எழுதுவோர் உரத்தையும் மழைக்குறைவையும் பேசும் அளவுக்கு, இறைப்பு முறை தளர்ந்ததைப் பேசுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இவ்வாதத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து உறுதிப்படுத்தும் சான்று ஒன்றையும் காலம் தந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் மக்கள் கைதடி, நாவற்குழிப் பாதையால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் பல குடும்பங்கள் நெருங்கின. ஒரு கிணறு, ஒரு கக்கூஸ், ஒரு குசினி. உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. அங்கே கிணற்றடிக்கு நேரமும் அடுப்புக்கு வரிசையும் சில நாட்களுக்குள் எவ்வாறோ வகுபட்டன; பெண்கள் குளிப்பதற்கெனப் பொழுது ஒதுக்கப்பட்டது; விறகை எண்ணுபவரும், வாளியை மறைப்பவரும், இரவில் உரத்துப் பேசுபவரும் எங்கும் போலவே அங்கும் இருந்தனர், அவர்களும் அந்த வரிசைக்குள் அடங்கினர். போக்கிடமின்மை என்னும் கொடுமை முறையை மீண்டும் பிறப்பித்தது. கொடுமையை விரும்பி இதைச் சொல்லவில்லை. கொடுமையின்றியே அம்முறையை நிலைநிறுத்தும் உபாயத்தைத் தேடவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவ்வுபாயம் நீதிமன்றத்தில் எளிதாய்க் கிடைப்பதில்லை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்காடினும், காணி பிரிபட்டுக் கிணறும் வழியும் பெரும்பாலும் பொதுவாகவே விடப்படுவதால், வென்றவனும் தோற்றவனும் மறுநாள் காலை அதே கிணற்றடியில் சந்திக்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் இணக்கசபைச் சட்டமும், அதன் வழியில் வந்த 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டமும் இதை உணர்ந்தே இயற்றப்பட்டன. சட்டத்தரணிகளின் வாதமின்றி மூவர் கொண்ட குழுமுன் இரு பகுதியாரும் நேரே பேசி, இணங்கியதை எழுத்தில் பெறலாம். ஸ்பெயின் தேசத்து வலென்சியாவில் வாய்க்கால் விவசாயிகள் தாமே தெரிந்த நீதிபதிகள் வியாழக்கிழமைதோறும் பேராலய வாயிலில் அமர்ந்து நீர் வழக்குகளை வாய்மொழியாகவே தீர்க்கிறார்கள். அங்கு விசாரிக்கப்படுவது எந்த மடை எப்போது திறக்கப்பட்டது என்பதே; மடையைத் திறந்தவனுடைய குணத்தைப் பற்றிய பிரசங்கத்துக்கு அம்மன்றத்தில் இடமில்லை.

நம் மத்தியஸ்தர்களோ பல வேளைகளில் "சொந்தக்காரர், ஒற்றுமையாய் இருங்கோ" என்னும் புத்திமதியோடு அமைகிறார்கள். நோக்கம் நல்லது, ஆனால் ஒற்றுமை உடன்படிக்கையில் எழுதத்தக்க பொருளன்று. எந்தப் பங்காளிக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனை குதிரைவலு மெஷின், கோடையில் நீர் எந்த மட்டத்துக்கு இறங்கினால் இறைப்பை நிறுத்துவது, கிணறு இறைத்துச் சேறு வாரும் செலவில் யாருக்கு எவ்வளவு என்பன எழுதப்படல் வேண்டும். இன்று பங்காளிகளுட் பலர் தொரொன்ரோவிலும் லண்டனிலும் வாழ்கிறார்கள். முற்றத்தில் நின்று சண்டையிடுபவனைவிடக் கையொப்பத்தைத் தராமல் மௌனமாயிருக்கும் அந்தத் தூரத்துப் பங்காளியால் வரும் இடர் பெரிது. ஆகையால் அவர்களுடைய அற்றோனித் தத்துவம் பெற்றவரையும் அழைத்து இருத்தி, அவரிடமும் கையொப்பம் பெற்று, பங்கையும் வாய்க்காலையும் குறிக்கும் உறுதியின் அட்டவணையிலேயே முறையையும் மணிக்கணக்கையும் சேர்த்து எழுத நொத்தாரிசுமார் முன்வரல் வேண்டும்.