சேரம்பாடித் தேயிலையும் 1964 கையெழுத்தும்

ஊட்டிக்குப் போறவங்க பெரும்பாலும் படகு விட்டு, வர்க்கி வாங்கிட்டு இறங்கிடுவாங்க. போன சனி, ஞாயிறு நாங்க கூடலூர் தாண்டி பந்தலூர், சேரம்பாடின்னு போனோம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் தேயிலை. வெள்ளைக்கார துரைங்க வச்ச தோட்டம்னுதான் கூட வந்த நண்பர் நினைச்சார். டான்டீ தோட்டங்களை ஆரம்பிச்சது மாநில வனத்துறை, 1968ல. (அப்போ மாநிலத்துக்கு மெட்ராஸ்னுதான் பேரு.)

அரசாங்கம் எதுக்குத் தேயிலை போடணும்? பதில் இலங்கையில இருக்கு.

வெள்ளைக்காரன் காப்பித் தோட்டத்துக்காகத் தமிழ்நாட்டு ஜனங்களைக் கங்காணி வச்சு கண்டிக்குக் கூட்டிட்டுப் போனான். 1869ல வந்த இலைநோய் காப்பியை அழிச்சதும் தேயிலை வந்தது. ஜனங்க அங்கேயே தலைமுறை தலைமுறையா இருந்தாங்க. 1948ல இலங்கைக்குச் சுதந்திரம் கிடைச்சுது. அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டம் இவங்கள்ல பெரும்பாலானவங்களை நாடில்லாதவங்களா ஆக்கிடுச்சு.

அவங்க இலங்கைக்காரங்கதான்னு நேரு சொல்லிட்டிருந்தார். அவர் போன சில மாசத்துலயே, 1964 அக்டோபர் 30ல, சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். அந்த மீதியையும் 1974ல ஆளுக்குப் பாதி, 75,000ன்னு பிரிச்சுக்கிட்டாங்க. மாங்காய்க்குக் கூறு கட்டுற மாதிரி! சம்பந்தப்பட்ட ஜனங்ககிட்ட யாரும் கேக்கலை. எனக்கு இதுலதான் ரொம்பக் கோபம்.

தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். 1984ல சண்டையால கப்பல் நின்னு போச்சு. வந்தவங்கள்ல நிறைய பேருக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்து, சமவெளி ஊர்களுக்கு அனுப்பினாங்க. கொழுந்து கிள்ளுறது மட்டுமே தெரிஞ்சவங்களுக்குக் கடை எப்படி ஓடும்? பலபேர் தாங்களாவே மலையேறி நீலகிரிக்கு வந்துட்டாங்க. அப்படி வந்தவங்கள்ல ஒரு பகுதிக்கு வேலை கொடுக்கத்தான் காட்டை வெட்டி இந்தத் தோட்டம். 1976லேருந்து அது தனிக் கழகம்.

சேரம்பாடில ஒரு டீக்கடைப் பாட்டி குடியிருப்பை 'லயம்'னு சொன்னாங்க. பதுளைப் பக்கம் பிறந்தவங்களாம். அங்கே இருந்தவரை இந்தியாக்காரி, இங்கே வந்து இத்தனை வருஷம் ஆகியும் சிலோன்காரி. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

இப்போ நஷ்டக் கணக்கு. 2022ல டான்டீ நிலத்துல சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசாணை வந்துச்சு. காடு திரும்பி வர்றது நல்லதுதான், யானைங்களுக்கும் வழி வேணுமே. ஆனா லயத்து வீடு வேலையோட ஒட்டினது. வேலை போனா வீட்டையும் காலி பண்ணணும். பாட்டியோட மகன் ஓய்வு பெற இன்னும் மூணு வருஷம் இருக்காம்.