வானொலி அலையும் வான் காவலும்



1935ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரித்தானிய ஆகாயப்படை அமைச்சின் விஞ்ஞான ஆராய்ச்சிப் பணிப்பாளரான ஹென்றி விம்பெரிஸ் என்பார், ரொபட் வாட்சன் வாட் என்னும் வானொலி அறிஞரிடம் விசித்திரமானதொரு கேள்வியைக் கேட்டார். வானில் வரும் பகைவனைத் தரையிலிருந்தே ஒரு வானொலிக் கதிரால் வீழ்த்த இயலுமா என்பதே அக்கேள்வி. ‘மரணக் கதிர்’ பற்றிய பேச்சு அந்நாட்களில் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்டது. 100 யார் தொலைவில் நிற்கும் செம்மறியாடு ஒன்றைக் கதிரால் கொன்று காட்டுபவருக்கு 1,000 பவுண் பரிசளிக்க அமைச்சு முன்வந்திருந்தது என்றும் சொல்வதுண்டு. பரிசை எவரும் பெற்றதாகத் தெரியவில்லை; ஆடுகள் பிழைத்தன.

நிதானம் மிகுந்த அரச அலுவலர்கள் இத்தகைய கற்பனைகளுக்குச் செவிசாய்த்ததற்குக் காரணம் அச்சமே. குண்டுவீச்சு விமானம் எப்படியும் தடையைக் கடந்து வந்தே தீரும் என்று 1932 நவம்பரில் ஸ்ரான்லி போல்ட்வின் பாராளுமன்றத்திலே கூறியிருந்தார். அவர் கூற்றை மறுக்க அப்போது வழியிருக்கவில்லை. பகை விமானத்தின் ஓசையை முன்கூட்டிக் கேட்பதற்கென்று கென்ற் மாகாணக் கடற்கரையில் பெரிய கொங்கிறீற்றுச் செவிகளைக் கட்டினார்கள். டெஞ்ச் என்னுமிடத்தில் உள்ள சுவரொன்று 200 அடி நீளமானது. ஆனால் விமானங்களின் வேகம் ஆண்டுதோறும் ஏறியபடியால், இச்செவிகள் தந்த அவகாசம் சில நிமிடங்களாகக் குறுகிப் பயனற்றுப் போயிற்று.

வாட்சன் வாட் தமது உதவியாளரான ஆர்னல்ட் வில்கின்ஸிடம் கதிரைப் பற்றி நேராகக் கேட்கவில்லை. 5 கிலோமீற்றர் தூரத்தில், 1 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள 8 பைந்து நீரை 98 பாகை பரனைற்றிலிருந்து 105 பாகைக்குச் சூடேற்ற எவ்வளவு வலு வேண்டும் என்று கணக்கிட்டுத் தருமாறு ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். 98 பாகை மனித உடலின் சூடு. 8 பைந்து என்பது ஏறக்குறைய ஒரு மனிதனின் குருதி. வில்கின்ஸ் இதனை ஊகித்துக்கொண்டார். கணக்கின் விடை, அது நடவாத காரியம் என்பதே. அப்படியானால் அமைச்சுக்கு வேறு என்ன உதவி செய்யலாம் என்று கேட்டபோது, அருகே விமானம் பறந்தால் வானொலி ஏற்பு குழம்புவதாகத் தபாற்கந்தோர்ப் பொறியியலாளர்கள் முன்னர் அறிவித்திருந்தது வில்கின்ஸின் நினைவுக்கு வந்தது. கொல்ல முடியாத அலை, காட்டிக்கொடுக்கவாவது கூடுமல்லவா?

1935 பெப்ரவரி 26ஆம் நாள் இதனைச் சோதித்தார்கள். டாவென்ற்றியிலிருந்த பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்பியே அலைகளை வழங்கியது. ஹேபோட் குண்டுவீச்சு விமானம் ஒன்று வயல்வெளிக்கு மேலே பறந்தது. கீழே நின்ற வண்டியினுள் சிலர் ஒரு சிறு கண்ணாடித் திரையை உற்று நோக்கியிருந்தனர். விமானம் நெருங்க நெருங்க ஒளிப்புள்ளி நீண்டு குறுகியது. 8 மைல் தூரம் வரை அதனைத் தொடர முடிந்தது. மக்கள் செய்தியும் சங்கீதமும் கேட்பதற்கு எழுந்த கோபுரம் போர்க்கருவியாயிற்று. நம் நாட்டிலோ இதற்கு நேர்மாறாக, யுத்தகாலத்தில் படையினருக்காக ஏக்கலையில் அமைத்த ஒலிபரப்பி 1949இல் இலங்கை வானொலிக்குக் கிடைத்தது.

பின்னர் வேலை விரைந்தது. 1939இல் போர் மூண்டபோது, கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் ஏறக்குறைய இருபது ரேடார் நிலையங்கள் இருந்தன. 360 அடி உயர உருக்குக் கோபுரங்கள் அலைகளை அனுப்பின. 240 அடி உயர மரக்கோபுரங்கள் எதிரொலியை ஏற்றன. ஆயினும் கோபுரங்களின் புகழைப் பாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவை கடலை மட்டுமே பார்த்தன. விமானம் கரையைக் கடந்தபின் அதனைத் தொடர்ந்தவர்கள் தூரதரிசினிக் கண்ணாடியுடன் வெளியில் நின்ற கண்காணிப்போரே. மேலும், ஒரே விமானக் கூட்டத்தை இரண்டு நிலையங்கள் இரண்டு இடங்களில் இருப்பதாக அறிவிக்கும். இவற்றையெல்லாம் ஒப்பிட்டு, பொய்யைக் கழித்து, மெய்யை மட்டும் படைத்தளங்களுக்கு அனுப்புவதற்காக ஹியூ டவுடிங் என்னும் தளபதி பென்ற்லி பிரையறியில் ‘வடிகட்டும் அறை’ ஒன்றை ஏற்படுத்தினார். பெரிய மேசையில் விரித்த தேசப்படத்தின்மேல் இளம்பெண்கள் தொலைபேசியைக் காதில் மாட்டியபடி வில்லைகளை நகர்த்தினார்கள். என் கருத்தில், ரேடாரினும் பெரிய கண்டுபிடிப்பு இந்த மேசையே.

அதுவும் பிழையின்றிப் பிறக்கவில்லை. 1939 செப்டெம்பர் 6ஆம் நாள், சொந்த விமானங்களைப் பகைவருடையவை என எண்ணி, ஸ்பிற்பயர்கள் இரு ஹரிக்கேன்களைச் சுட்டு வீழ்த்தின. ஓர் இளம் விமானி மாண்டார். அத்தவற்றின்பின் நண்பனையும் பகைவனையும் பிரித்தறியும் வழிகளில் கருத்து மிகுந்தது. 1940 ஆகஸ்ட் 12இல் ஜேர்மனியர் கோபுரங்களையே தாக்கி வென்ற்னர் நிலையத்தை முடக்கினர். ஆனால் கோபுரங்கள் எளிதில் வீழாமையைக் கண்டு, சில நாட்களில் அம்முயற்சியைக் கைவிட்டார்கள். தொலைபேசிக் கம்பிகளின் மறுமுனையில் இருந்த மேசையின் பெறுமதியை அவர்கள் உணரவில்லை.

மேசை செய்தது என்ன என்பதை இலங்கையரும் பார்த்திருக்கின்றனர். 1942 ஏப்ரில் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து சென்ற கற்றலீனா விமானத்தில் லெனாட் பேர்ச்சால் என்னும் கனேடிய விமானி, தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். பகைவர் வருவது தெரிந்துவிட்டது. கொழும்பில் ரேடாரும் இருந்தது. இருந்தும், மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று காலை உரிய எச்சரிக்கை வரவில்லை. ஏன் என்பதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. இரத்மலானையில் விமானிகள் பகைவரைக் கண்ணாற் கண்டபின்பே தம் ஹரிக்கேன்களை நோக்கி ஓடினார்கள். சிலர் குண்டுகளுக்கிடையே மேலெழுந்தனர். அவ்வேளை திருகோணமலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்கள் எதுவுமறியாது பகைவரின் நடுவே அகப்பட்டன, ஆறும் வீழ்ந்தன.

நான்கு நாட்களின் பின் திருகோணமலையில் ரேடார் முன்னறிவித்தது. சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன்கள் வேளையோடு கிளம்பிப் பகைவரை வானிலே எதிர்கொண்டன. துறைமுகம் சேதமுற்றதாயினும், கொழும்பில் நேர்ந்தது போன்ற திகைப்பு அங்கே நேரவில்லை.

வில்கின்ஸ் நடவாது என்று விலக்கிய கதிர் வேறு உருவில் மீண்டிருப்பதையும் சொல்லவேண்டும். 2014இல் அமெரிக்கக் கடற்படை பொன்ஸ் என்ற கப்பலில் லேசர் ஆயுதத்தைப் பொருத்தியது. பிரித்தானியாவும் வான் இலக்குகளின்மீது தன் லேசரைச் சுட்டுப் பார்த்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தது. அது குருதியைக் கொதிக்க வைப்பதன்று. ஆளில்லா விமானத்தின் உடலைச் சுடுவது. எங்கே சுடவேண்டும் என்பதை அதற்கும் யாராவது முன்னே சொல்லவேண்டியிருக்கிறது.

திருகோணமலைக்கு எச்சரிக்கை கிடைத்த அதே ஏப்ரில் 9ஆம் நாளில், முதல் நாளிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானியர் கடலிலே கண்டுபிடித்தனர். அதில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை. காவலுக்கு விமானங்களை அனுப்புமாறு கேட்ட செய்தி பயன்படுமுன்னே கப்பல் மூழ்கியது. மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், கடலடியில் அது இன்றும் கிடக்கிறது.