பீரங்கிக் குண்டுக்கே அசையாத கப்பல்... போர்ச்சுகீசியர்களை எதிர்த்த பதி உனுஸ் யார்?

1511-ல் மலாக்காவை போர்ச்சுகீசியர்கள் பிடித்ததும் பெரிய அடி விழுந்தது ஜாவா வியாபாரிகளுக்குத்தான். அரிசியும் மசாலாவும் கொண்டுபோய் விற்ற சந்தை கைமாறிப் போச்சு. சும்மா இருப்பாரா ஜெபாராவை ஆண்ட பதி உனுஸ்? 1513 தொடக்கத்தில் சுமார் 100 கப்பல்களோடு மலாக்காவுக்கே போய் நின்றார்.

அவர் ஏறி வந்த 'ஜங்' கப்பல்தான் இதில் ஹைலைட். பலகை மேல் பலகை அடித்துக் கட்டிய அதன் பக்கங்களை பெரிய பீரங்கிக் குண்டுகூட துளைக்கவில்லை என்று எதிர்த்துப் போரிட்ட போர்ச்சுகீசிய தளபதி ஃபெர்னாவ் பிரஸ் டி ஆண்ட்ராடேவே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் மற்ற கப்பல்கள் அப்படி இல்லையே! பெரும்பாலானவை அழிந்தன.

உனுஸ் தப்பி ஊர் திரும்பினார். அடிபட்ட அந்த ஜங்கை ஜெபாரா கரையில் நினைவுச் சின்னமாக நிறுத்தினார். ஜாவாவில் அவருக்கு 'பாங்கேரான் சப்ராங் லோர்' என்றும் பெயர். அதாவது, வடக்கே கடல் கடந்து போன இளவரசர்.