காண்டவமும் ஏலமலையும்

வேதநூல்களிலிருந்து சுற்றுச்சூழல் போதிக்கும் ஆர்வத்துக்கு வயது அதிகமில்லை. மனிதனை இயற்கைக்கு எஜமானனாக்கியது கிறிஸ்தவ மரபு என்று 1967இல் லின் வைட் குற்றஞ்சாட்டினார். 1986இல் உலக வனவிலங்கு நிதியம் அசிசியில் ஐந்து மதத்தாரைக் கூட்டியபோது, ஒவ்வொருவரும் தத்தம் மரபின் சார்பில் பிரகடனம் தந்தார்கள். 1991இல் நம் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பாடம் என்றானதும் மேற்கோள் தேடுவது நம் சுபாவம். மரத்தைப் போற்றும் வரிகள் எந்த நூலிலும் கிடைக்கும். காண்டவ தகனத்துக்கு அந்தத் தொகுப்பில் இடமிருக்காது.

போடிநாயக்கனூர் ஏலச் சந்தை. மேற்கே போடிமெட்டு ஏறினால் ஏலமலை. 1897இல் திருவிதாங்கூர் அரசு அங்கே காப்புக்காடு அறிவித்தது. ஏலம் நிழலில் வளரும் செடி. ஆகவே மரம் நின்றது. பக்தியால் நின்றதல்ல. விளைச்சலுக்காக நிழல் மரங்களை மிகையாகக் கவாத்து செய்தபோது எந்த மேற்கோளும் குறுக்கே வரவில்லை.

பாரதம் மேற்கோளைவிடக் கடினமான ஒன்றைச் சொல்கிறது. சுவேதகியின் வேள்வியில் பன்னிரண்டு ஆண்டுகள் நெய் குடித்த அக்கினிக்கு மந்தம். மருந்து ஒரு காடு. இந்திரன் பொழிந்த மழையை அர்ஜுனன் அம்பால் தடுக்கிறான். தப்பிய உயிர்கள் ஆறு. அவற்றுள் ஒருவன் மயன். அவன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் அவமானப்படுகிறான். அதன் பின் சூது, போர். காண்டவத்தில் தாயை இழந்த அசுவசேனன் கர்ணனின் அம்பில் நாகமாகத் திரும்பி வருகிறான். வெற்றி பெற்றவர்களை நூல் புகழ்கிறது. எரிந்த காட்டை மறக்கவும் மறுக்கிறது. வில்லிபுத்தூராரும் இதற்கென ஒரு சருக்கம் ஒதுக்கினார்.

2018 மார்ச் 11 அன்று போடியை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் எந்தப் பாவத்தின் சம்பளத்தையும் வாங்கவில்லை. காண்டவத்துப் பறவைகளும் அப்படியே. இதை வினைப்பயன் என்று விளக்கும் போதனை, நூலுக்கும் இறந்தவர்களுக்கும் செய்யும் அவமரியாதை.

இந்தச் சரிவுப் பள்ளிகளில் பாரதம் நடத்தினால் ‘மரத்தை நேசி’ என்று முடிக்க வேண்டாம். யாருடைய மந்தத்துக்கு யாருடைய காடு மருந்தானது என்று பிள்ளைகள் கேட்கட்டும். ஏலத்தோட்டத்தில் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி அந்நியமாக இராது.