லெஃபெவ்ர்: கொல்லனின் பெயரும் கொல்லத்தியும்

பிரான்சின் வடபகுதியில் மிகப் பரவலாக உள்ள குடும்பப் பெயர்களில் ஒன்று லெஃபெவ்ர். பொருள் எளியது: கொல்லன். இலத்தீன் 'ஃபாபெர்' பழைய பிரெஞ்சில் 'ஃபெவ்ர்' ஆயிற்று. முன்னால் நிற்கும் 'லெ' ஆண்பால் குறி. தெற்கே அதே சொல் ஃபாப்ர் என்றும் ஃபோர் என்றும் வழங்கியது.

எழுதும்போது இப்பெயரின் நடுவில் 'பி' என்றோர் எழுத்து வரும், வாயில் வராது. தம் இலத்தீன் புலமை தெரியட்டும் என்று எழுத்தர்கள் செருகியது அது. அக்காலத்தில் 'யூ', 'வி' இரண்டுக்கும் ஒரே வரிவடிவம். அதனால் சில குடும்பங்கள் ஏட்டில் இருந்ததை அப்படியே வாசித்து லெஃபெபூர் ஆகிவிட்டன. பெயர் யாருடையதாக இருந்தாலும், அதன் உருவம் எழுதுகோல் பிடித்தவர் கையில் இருந்தது. 1539இல் விலேர்-கோத்ரே அரசாணை, ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. அந்த எழுதுகோலைப் பிடித்தவர் பங்குச் சாமியார்.

பட்டறையில் பெண் இருக்கவில்லையா? பழைய பிரெஞ்சில் 'ஃபெவ்ரெஸ்' என்ற சொல்லே உண்டு: கொல்லத்தி. இடைக்காலப் பிரெஞ்சுப் பாடுகளின் கதைகளில் அவள் வருகிறாள். இயேசுவை அறைய ஆணி செய்யச் சொல்கிறார்கள். கொல்லன் கைநோவு என்று மறுக்கிறான். அவன் மனைவி உலையை மூட்டி ஆணி அடித்துத் தருகிறாள். இக்கதையை நான் இரண்டு விதமாக வாசிக்கிறேன். உலகின் பெரும்பழியைச் சுமக்க இங்கும் ஒரு பெண் தேவைப்பட்டிருக்கிறாள். ஆனால் கொல்லன் மனைவிக்குத் தொழில் தெரியும் என்பது கேட்பவர்களுக்கு வியப்பாக இருந்திருந்தால் இந்தக் கதை நின்றிருக்காது. பாரிசில் 13ஆம் நூற்றாண்டின் தொழிற்சங்க விதிகளே பல தொழில்களில் கணவன் இறந்தபின் கைம்பெண் பட்டறையைத் தொடர்ந்து நடத்த இடம் கொடுத்தன. தொழில் இருவருடையது, தலைமுறை தாண்டிப் பரவியதோ 'லெ' போட்ட பெயர்.

இப்பெயரைச் சுமந்தவர்களில் நாம் நிறுத்திப் பார்க்க வேண்டியவர் கத்தரின் ஹ்யூப்ஷெர். 1753இல் அல்சாஸில் பிறந்தவர். பாரிசில் துணி வெளுத்துப் பிழைத்தவர். 1783இல் படைவீரர் பிரான்சுவா ஜோசப் லெஃபெவ்ரை மணந்தார். கணவர் நெப்போலியனின் மார்ஷல் ஆனார். 1807இல் தான்சிக் கோட்டையைப் பிடித்ததற்காக தான்சிக் கோமகன் ஆனார். வெளுத்தவர் கோமகள் ஆனார். அரண்மனையின் நாசூக்கு அவருக்குப் பிடிபடவில்லை என்று சீமாட்டிகள் சிரித்தார்கள். 1893இல் சார்துவும் மொரோவும் எழுதிய நாடகம் அவரை 'மதாம் சான்-ழேன்', கூச்சம் பாராத அம்மணி, என்று மேடையேற்றியது. அந்தப் பட்டப்பெயரும் அவருடையதல்ல. ஆண்களோடு குதிரைப்படையில் போரிட்ட தெரேஸ் ஃபிகெரை அழைத்த பெயர் அது. ஒரு பெண்ணிடமிருந்து எடுத்து இன்னொரு பெண்ணுக்கு மாட்டினார்கள். இருவரின் சொந்தப் பெயரும் பின்னுக்குப் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டம் கத்தரினிடமிருந்து ஹ்யூப்ஷெரைப் பறிக்கவே இல்லை. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் எவருக்கும் கூடாது என்று புரட்சி அரசு 1794 ஆகஸ்டில் விதித்தது. அது பெண்ணுக்கும் பொருந்தும். சட்டப்படி பிரெஞ்சுப் பெண் திருமணத்தால் பெயரை இழப்பதில்லை. வழக்கமும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற 1804ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் மனநிலையும்தான் 'மதாம் லெஃபெவ்ர்' என்று எழுத வைத்தன.

பெயரைப் பிள்ளைக்குத் தருவது வேறு கதை. 1985இல் தாயின் பெயரைப் புழக்கத்துக்கு மட்டும் சேர்த்துக்கொள்ள இடம் கிடைத்தது. தாய் தன் பெயரைச் சட்டப்படி பிள்ளைக்குத் தர 2002ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அது நடைமுறைக்கு வர 2005 ஆயிற்று. 2022 முதல், வயதுவந்த எவரும் தாயின் பெயருக்கு மாற நகராட்சியில் விண்ணப்பித்தாலே போதும். ஆனாலும் மணமான பெற்றோர் எதையும் அறிவிக்காவிட்டால் பிள்ளைக்குப் போவது இன்றும் தந்தையின் பெயரே. இருவரும் ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் எழுத்தில் தெரிவித்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பெயர்களும் அகரவரிசையில் வரும். அந்த வரிசையில் லெஃபெவ்ருக்கு முன்னால் நிற்பது ஹ்யூப்ஷெர்.