ஐந்தரை மணி நேரம் செய்த வேலை



ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் டிசைன் பிரிவில் இருக்கும் நம் பழைய மாணவர் போன வாரம் பேசினார். பேட்டர்ன் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் வழங்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உண்டு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால், கடிகாரம் பின்னால் திருப்பப்பட்டிருக்கிறது என்று பிழை எண் -88 வருகிறதாம். லைசென்ஸ் கிடைப்பதில்லை. தேதியை இவர்தான் மாற்றினார் என்று மேலாளருக்குச் சந்தேகம். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். இதில் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது.

1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டினார்கள். அதை வைத்துக் கணக்கிட்ட மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்குச் சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். பிற்காலத்தில் இந்திய ரயில்களே அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து ஐந்தரை மணி என்று ஆக்கினார்கள். கல்கத்தாவும் பம்பாயும் அதற்குப் பிறகும் பல வருடம் தங்கள் நேரத்தை விடவில்லை. (நம் வேலூர்ச் சூரியன் இன்றும் கடிகாரத்துக்குச் சராசரியாகப் பதின்மூன்று நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வருகிறது.)

இனி கம்ப்யூட்டர். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் நாமே கொடுக்க வேண்டும். 1984இல் வந்த ஏடி மாடலில்தான் பேட்டரியோடு ஒரு கடிகாரச் சில்லு வந்தது. அதில் ஊர் நேரத்தையே எழுதும் பழக்கம் டாஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தது. யூனிக்ஸ் வேறு பரம்பரை. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை கிரீன்விச் கணக்கில் எண்ணுவது. அதன் வழியில் வந்த லினக்ஸ், சில்லில் இருப்பதையும் கிரீன்விச் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும்.

காலை 10 மணிக்கு விண்டோஸை மூடுகிறீர்கள். சில்லில் 10.00. லினக்ஸ் அதோடு ஐந்தரை மணி கூட்டி மாலை 3.30 என்கிறது. இணையம் வந்ததும் 10.05 என்று திருத்திக்கொண்டு, சில்லில் 4.35 என எழுதிவைக்கிறது. மறுபடி விண்டோஸைத் திறந்தால் விடியற்காலை 4.35! லண்டன்காரருக்குக் குளிர்காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

இங்கேதான் லைசென்ஸ் சர்வர் மிரளுகிறது. 1988இல் வந்த பிளெக்ஸ்எல்எம் போன்ற லைசென்ஸ் மேலாளர்களுக்குத் தெரிந்த பழைய தந்திரம் ஒன்று உண்டு: கெடு முடிந்ததும் தேதியைப் பின்னால் தள்ளி, சாஃப்ட்வேரை இலவசமாக ஓட்டுவது. அதைப் பிடிக்க, இப்போதைய நேரத்தைவிடப் புதிய தேதியிட்ட கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் கதவை அடைத்துவிடும். ஆள் நல்லவரா என்று அதற்குத் தெரியாது. மேலாளர் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்திலும் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே தந்தார்கள். என் பிள்ளைகள் பலர் பாஸ் பக்கம் போகவே இல்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

தீர்வு சின்னது. சில்லில் ஊர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு டெர்மினலில் ஒரே ஒரு கட்டளை கொடுக்கலாம். அல்லது விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றலாம். ஏதாவது ஒன்று, இரண்டையும் செய்தால் பழையபடி சண்டை. பிறகு இணையத்தில் நேரத்தைச் சரிசெய்து, லைசென்ஸ் சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். முன்தேதியிட்ட கோப்பு எங்காவது மிச்சமிருந்தாலும் ஐந்தரை மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். வித்தியாசம் வருடக்கணக்கில் இருந்தால் மட்டும் காரணம் வேறு: மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். அதை மாற்றிவிடுங்கள்.