நீல வானம் கறுத்த கதை

நிலக்காட்சிப் படம் ஒன்றை மென்பொருளில் திறந்து, நிறத்தை ஒரேயடியாக நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் சோகை பிடித்த சாம்பல் படம்தான் மிஞ்சும். காரணம் கணக்கில் இருக்கிறது. தொலைக்காட்சிக் காலத்திலிருந்து புழங்கும் சூத்திரம் சிவப்பில் 29.9 சதவீதம், பச்சையில் 58.7, நீலத்தில் 11.4 என்று எடுத்துக் கூட்டுகிறது. நம் கண் பச்சையைத்தான் அதிக வெளிச்சமாக உணரும் என்பதால் வந்த விகிதம் இது. இதன்படி 255 அளவுள்ள முழுச் சிவப்பு 76 ஆகிறது. 130 அளவுள்ள பச்சையும் அதே 76. பச்சை மலைச்சரிவில் செக்கச்செவேல் என்று நிற்கும் மரம் சரிவோடு சரிவாகக் கரைந்துவிடும்.

அந்த மரத்தை மீட்டுத் தரத்தான், ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்கள் வந்தன. அவற்றின் பூர்வீகம் ஒரு துண்டுக் கண்ணாடி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் போட்டோ பிளேட்டுகளுக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே தெரியும். வானத்தின் நீலம் அளவுக்கு மீறிப் பதிந்து, மேகமே இல்லாத வெள்ளைத் தாளாக அச்சில் வரும். 1873-ல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சாயம் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று கண்டார். அந்த வழியில் ஆய்வு வளர்ந்து, எல்லா நிறங்களையும் பதியும் பிளேட்டுகளை 1906-ல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெய்ன்ரைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பிறகே, லென்ஸின் முன்னால் எந்த நிறக் கண்ணாடியை வைப்பது என்ற கேள்விக்கு முழு அர்த்தம் வந்தது.

அந்தக் கேள்விக்குக் கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் 1927 ஏப்ரல் 10-ம் தேதி ஒரு பதில் கிடைத்தது. புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸுக்கு அப்போது வயது 25. கனத்த கேமராவைச் சுமந்து மலையேறி, ஹாஃப் டோம் பாறையின் செங்குத்து முகத்துக்கு எதிரே நின்றார். மிச்சம் இருந்தவை இரண்டே பிளேட்டுகள். முதல் பிளேட்டுக்கு வழக்கமான மஞ்சள் ஃபில்டர் போட்டார். எடுத்த பிறகுதான், இதில் வானம் வெறும் சாம்பலாக வரும், பாறையைப் பார்த்துத் தான் மலைத்த மலைப்பு வராது என்று உறைத்தது. கடைசி பிளேட்டுக்கு 29-ம் எண் அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை மறித்துவிடும். வானம் ஏறக்குறைய கறுப்பாக இறங்க, அதன் எதிரே பாறை ஓங்கி நின்றது. ‘மோனோலித்’ என்று உலகம் அறிந்த படம் அது. நீல ஸ்லைடரை இடப்பக்கம் இழுக்கும் ஒவ்வொருவரும் செய்வது அன்று அவர் செய்ததைத்தான். அவருக்கு ஒரே பிளேட். நமக்கு எத்தனை முறை வேண்டுமானாலும்.

படம் எடுத்த பிறகும் இது எப்படிச் சாத்தியமானது? வண்ணப்படமே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களால் ஆனது என்பதால்தான். 1861-ல் லண்டனில் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் காட்டியது அதை: ஒரே ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் வழியே தனித்தனியாக எடுத்த படங்களை, அதே நிற ஒளிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழவைத்து வண்ணம் வரவழைத்தார். டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு மேலேயும் அதே ஏற்பாடு, பொடிப்பொடி ஃபில்டர்களாக. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஆக, நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு வண்ணப்படத்திலும் சிவப்பு ஃபில்டர் போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் முன்கூட்டியே இருக்கிறது.

1990-ல் வந்த ஃபோட்டோஷாப் இந்த மூன்றையும் சேனல்களாகப் பிரித்துக் காட்டியது. பிறகு வந்த சேனல் மிக்ஸரில் மூன்றையும் விகிதம் பார்த்துக் கலக்கலாம். 2007-ல் சிஎஸ்3 பதிப்பு ‘பிளாக் அண்ட் ஒயிட்’ என்ற தனிக் கருவியைத் தந்தது: சிவப்பு, மஞ்சள், பச்சை, சியான், நீலம், மெஜந்தா என ஆறு ஸ்லைடர்கள். அதே ஆண்டு வந்த லைட்ரூமில் எட்டு. கண்ணாடிக்கு முடியாததை இவை செய்கின்றன: வானத்தை இருட்டாக்கிவிட்டு, புல்லைத் தனியாக வெளிச்சமாக்கலாம். புல்லுக்குப் பச்சையைவிட மஞ்சள் ஸ்லைடரே அதிகம் மசியும். இலைகளில் அவ்வளவு மஞ்சள் இருக்கிறது.

நீலத்தை மட்டும் ஒரேயடியாக இழுக்காதீர்கள். வானத்தில் புள்ளிகள் கிளம்பும், மலை விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும். படத்தை 100 சதவீத அளவில் வைத்து விளிம்பைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்றாலும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள். கேமரா உள்ளேயே நிறத்தைக் கழித்துத் தரும் ஜேபெக்கில் இந்த ஸ்லைடர்களுக்கு வேலையே இல்லை.